காலியாகத் தெரிந்த பாதி

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பத்து எண்ணுவதற்குள் ஒரு பீப் சத்தம் வர வேண்டும். அன்று வரவில்லை. பாலக்காட்டில் பள்ளித் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். முகம்கூடக் கழுவாமல், பையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு மேஜைக்கு வந்திருந்தேன். என்டர் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. பீப்புக்குப் பதிலாக விண்டோஸின் குரல் நேராக வந்து கடவுச்சொல் கேட்டது. நான் அதைக் கூப்பிடவே இல்லை.

எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.  யாரோ என் கம்ப்யூட்டரில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கண் தெரியாது. மூன்று வயதுக் காய்ச்சலில் போனது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல வேண்டியது கம்ப்யூட்டரைப் பற்றி. அதில் ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களை வைத்திருந்தேன். ஒன்று விண்டோஸ், இன்னொன்று லினக்ஸ். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து என்று சொல்வார்கள். தொல்லை என்னவென்றால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எதுவும் அந்த நேரத்தில் எழுந்திருக்காது. பட்டியல் வந்ததா, போனதா, எந்த வரியில் நிற்கிறது, ஒன்றும் தெரியாது. அதற்காகப் புளியங்கொட்டை அளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்து, தடவிப் பார்த்து, உள்ளே இருக்கும் ஊசிகளில் நானே செருகினேன். பட்டியல் தயாரானதும் பீப் அடிக்கும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். பீப் கேட்டதும் என்டர் அடித்தால் லினக்ஸ். கீழ் அம்பை நான்கு முறை தட்டி என்டர் அடித்தால் விண்டோஸ். கண் உள்ளவர்கள் பார்க்கிற இடத்தில் நான் எண்ணுகிறேன், அவ்வளவுதான்.

எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். விண்டோஸ் சோறு போடுகிறது. வெளிநாட்டு மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு இங்கிலீஷில் டைப் செய்வது என் வேலை. கால் மிதியை அழுத்தினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும். லினக்ஸ் என்னுடையது. வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் நாங்கள் இருப்பது கேரளத்தில், பார்வையற்றோர் பள்ளியில் நான் படித்தது மலையாள பிரெய்ல். தமிழ் எனக்கு வாய்க்கும் காதுக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தது. முப்பத்தொரு வயதில் அந்த லினக்ஸில் ஒரு குரலை நிறுவி, ஒரு முழுப் பக்கத் தமிழை யார் துணையும் இல்லாமல் படித்தேன். தொண்டை கட்டியவர் மூக்கால் பேசுவது போன்ற குரல்தான் அது. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தக் குரல் நிறையச் சொற்களைக் கடித்துத் துப்பும். லினக்ஸில் அதைத் திருத்த வழி இருந்தது. எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அப்படியே சொல்லும். நான்கு வருஷமாக ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். மீன் பெயர்கள், எங்கள் ஊர்ச் சொற்கள், அம்மா திட்டும்போது பயன்படுத்திய சொற்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கோப்பைத்தான் இப்போது காணோம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது சாமானியக் காரணம். ஏதாவது அப்டேட் வரும், குரல் திடீரென்று நின்றுவிடும். கண் இருப்பவர் திரையைப் பார்த்துச் சரி செய்துகொள்வார். நான் அந்த இயங்குதளத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதுக்குப் போய், என்ன வழி என்று தேடிப் படித்து, திரும்பி வந்து சரி செய்வேன். இதுவரை யாரையும் அதற்குக் கூப்பிட்டதில்லை.

அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேர்தான். அண்ணனுக்கு பஜார் ரோட்டில் ஒரு மசாலாக் கிடங்கில் வேலை. அவன் அறைக்குள் வந்தால் சுக்கு வாசனை முதலில் வரும். அன்று வாசனையோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

"பாத்தியா? இப்ப நல்லா ஸ்பீடா இருக்குல்ல?" என்றான்.

யார் கை வைத்தது என்று கேட்டேன். அவன் கதையாகவே சொன்னான். தென்காசிக்கு ரயில் டிக்கெட் போட கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான். வழக்கமாக நான்தான் விண்டோஸுக்குக் கொண்டுவந்துவிட்டு அவனைக் கூப்பிடுவேன். இந்த முறை அவனே ஆன் செய்திருக்கிறான். கருப்புத் திரை வந்தது. கீழே ஒரு எண் முப்பது, இருபத்தொன்பது என்று இறங்கத் தொடங்கியது. சும்மா இருந்திருந்தால் லினக்ஸ் வந்திருக்கும். எண் இறங்கி முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினானாம். என்னைக் காப்பாற்றிய பெருமை அவன் குரலில் இருந்தது.

பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சேட்டனை அழைத்து வந்திருக்கிறான். அண்ணனுக்குத் தெரிந்த கடவுச்சொல்லைப் போட்டு அவர் விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தார். டிஸ்கில் பாதிக்குப் பெயர் இல்லை, உள்ளே ஒன்றும் காட்டவில்லை. லினக்ஸ் இருக்கும் இடத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அப்படித்தான் காட்டும். சேட்டன் அதைக் காலி இடம் என்று முடிவு செய்தார். பாதி டிஸ்க் வீணாகக் கிடக்கிறது என்று அண்ணனிடம் சொல்லி, அதை அழித்து, இன்னொரு பாதியோடு சேர்த்து, ஆன் செய்தால் நேராக விண்டோஸே வரும்படி செய்து, போகிற போக்கில் அண்ணனுக்காக நான்கு சினிமாவும் ஏற்றிக் கொடுத்திருந்தார். என் நான்கு வருஷத்தின் மேல் நான்கு சினிமா.

அந்த மூன்று நாளும் போன் என் கையில்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தபோதுகூட மடியில் வைத்திருந்தேன். ஒரு அழைப்பு இல்லை.

நான் கத்தவில்லை. கத்தினால் அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்குவான், பிறகு பேச்சு என் கோபத்தைப் பற்றியதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, அது காலி இல்லை, எனக்கு வேண்டியது எல்லாம் அதில்தான் இருந்தது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு எதற்கு என்று கேட்டான். பிறகு அதைச் சொன்னான்.

"கண்ணு தெரியிற எங்களுக்கே ஒண்ணுதான். உனக்கு ஒண்ணு போதாதா?"

இந்தப் போதும் என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன். பள்ளியில் கணக்குப் பாடம் கேட்டபோது உனக்கு இவ்வளவு போதும் என்றார்கள். ஜவுளிக்கடையில் நிறம் கேட்டபோது கடைக்காரர் எனக்குப் பதில் சொல்லாமல் அண்ணியிடம், அவங்களுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன என்றார். வேலைக்குப் போனபோது வீட்டிலேயே இருந்தால் போதாதா என்றார்கள். கெட்ட எண்ணத்தில் ஒருவரும் சொல்வதில்லை. என் அளவை எனக்குப் பதில் அவர்களே எடுத்து, தைத்தும் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். கெட்டவர்களோடு சண்டை போடுவது எளிது, இவர்களோடு முடிவதில்லை.

"உனக்கு ஒண்ணு நின்னுபோனா பாத்துச் சரி பண்ணுவே. எனக்கு ஒண்ணு பேசாமப் போனா இன்னொண்ணுதான் பேசணும். எனக்குத்தான் ரெண்டு வேணும், உனக்கு ஒண்ணு போதும்" என்றேன்.

 வாசல் பக்கம் நின்றிருந்த அண்ணி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அவனிடம் மெதுவாகச் சொன்னாள். இந்த வீட்டில் அன்று எனக்குச் சாதகமாக வந்த ஒரே வாக்கு அது.

அண்ணன் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேட்டன் வந்தார். நல்ல மனிதர்தான். தப்பு நடந்துவிட்டது, திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளி என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சேச்சிக்கு, அதாவது எனக்கு, இங்கிலீஷ் தெரியுமா என்று அண்ணனைக் கேட்டார். தினமும் ஆறு மணி நேரம் வெளிநாட்டு டாக்டர்களின் இங்கிலீஷைத்தான் திருத்துகிறேன் என்று மலையாளத்தில் பதில் சொன்னேன். பிறகு, போடுவது நான், நீங்கள் உட்கார்ந்து சாயா குடியுங்கள் என்றேன்.

அழிந்ததை மீட்க முடியாது என்று தெரிந்துகொண்டேன், சினிமாக்கள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டன. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். லினக்ஸை நிறுவும் பென் டிரைவ் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். அதன் கயிற்றில் மூன்று முடிச்சு, அதுதான் அடையாளம். செருகினேன். ஆன் செய்து எஃப் பதினொன்று விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் அந்தப் பக்கமும் பேசாது. என் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் இரண்டாவதாக நிற்கும். கீழ் அம்பு ஒரு தட்டு, என்டர்.

பின்னால் சேட்டன் சாயாவை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். தெருவில் ஒரு லாரி பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பீப் வந்தது, நிறுவும் பட்டியலும் தயாரானதும் பீப் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. குரலை எழுப்பும் எஸ் விசையை அழுத்தி என்டர் அடித்தேன். ஒரு நிமிஷத்தில் என் ஹெட்போனில் குரல் பேசத் தொடங்கியது. எந்த மொழி, எந்த நாடு, எந்த விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, நான் எண்ணை அடித்துப் பதில் சொன்னேன்.

பிறகு டிஸ்கைப் பிரிக்கும் இடம் வந்தது. அங்கே ஒரு வரி தவறினால் விண்டோஸும் போய்விடும், அதோடு என் வேலையும். குரல் ஒவ்வொரு பகுதியின் அளவையும் படித்தது. எனக்கு அவசரம் இல்லை, மறுபடி படிக்கச் சொன்னேன். சேட்டனுக்குப் பொறுக்கவில்லை. சேச்சி, கொஞ்சம் கீழே, அங்கே இல்லை, என்று சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி விசைப்பலகையைத் தொட்டார். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி வைத்தேன்.

"கையை எடுங்க, சேட்டா. போன தடவ நீங்க பாத்துத்தான் செஞ்சீங்க" என்றேன்.

அவர் எடுத்துவிட்டார்.  மாற்றங்களை டிஸ்கில் எழுதலாமா என்று குரல் கேட்டது. அந்தக் கேள்வியை மூன்று முறை படிக்க வைத்துவிட்டு, ஆம் என்றேன். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை சேட்டன் போகவே இல்லை. இரண்டாவது சாயாவும் குடித்தார். இறங்கிப் போகும்போது முதல் முறையாக என்னிடமே கேள்வி வந்தது. அந்தப் பீப்பை எப்படி வரவைத்தீர்கள் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன், நான் அப்படி ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

சொற்களின் கோப்புக்கு ஒரு நகல் இருந்தது. பிரெய்ல் சீட்டு ஒட்டிய இன்னொரு பென் டிரைவில். அது எட்டு மாதம் பழையது. ஒவ்வொரு வாரமும் நகல் எடுக்க வேண்டும் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்வேன், நானே எடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதச் சொற்கள் போனது போனதுதான். இப்போதும் ஏதாவது படிக்கும்போது குரல் ஒரு சொல்லைக் கடித்துத் துப்பும். உன்னை ஒரு தடவை திருத்தினேனே என்று அதனிடம் சொல்லிவிட்டு, மறுபடி எழுதுவேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலிக்கிறது.

அடுத்து இரண்டு காரியங்கள் செய்தேன். முதலாவது, அம்பை எண்ணும் முறையை ஒழித்தேன். விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்கும், தொட்டாலே தெரியும். எஃப் அழுத்தினால் லினக்ஸ், ஒரு நீண்ட பீப். ஜே அழுத்தினால் விண்டோஸ், இரண்டு குட்டிப் பீப். முப்பது, இருபத்தொன்பது எல்லாம் எடுத்துவிட்டேன். நான் அழுத்தும்வரை அது எத்தனை நேரமானாலும் காத்திருக்கும்.

இரண்டாவது, மானிட்டரைக் கழற்றினேன். யோசித்துப் பார்த்தால் அந்த மானிட்டரை நான் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து எனக்கு யோசனை சொல்வதற்காகவே அது அங்கே நின்றிருந்தது. அது இல்லாவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் முரண்டு பிடிக்கும். திரை இருக்கிறது என்று அவற்றை நம்பவைக்க விரல்நுனி அளவில் ஒரு பிளக் கிடைக்கிறது, அதை வாங்கிச் செருகினேன். மானிட்டரைத் துடைத்து, தூக்கிக்கொண்டு போய் அண்ணன் அறை அலமாரிமேல் வைத்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் வந்தான். இந்தக் களேபரத்தில் தென்காசிக் கோயில் கொடைக்கு டிக்கெட் இன்னும் போடவில்லை, அவன் போனில் டிக்கெட் போடும் ஆப் ஏனோ ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எதிரே ஒன்றும் இல்லை என்று கவனித்திருக்க வேண்டும். திரை எங்கே என்று கேட்டான். உன் அலமாரி மேல் என்றேன்.

"அப்புறம் நான் எப்படிப் பாக்குறது?"

"பாக்க வேண்டாம். ஆன் பண்ணு, பீப் வரும், கேளு. அப்புறம் மேடு இருக்குற விசை ரெண்டு இருக்கு, தடவிப் பாரு."

போய்த் திரையை எடுத்து வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. பொத்தானை அழுத்தினான். பீப் வந்தது. அவன் விரல்கள் விசைகளின் மேல் தேடுவது எனக்குக் கேட்டது. வயதானவர் செருப்பைத் தேடுவது போலத் தட்டித் தட்டித் தேடினான். எது என்று கேட்டான். ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது என்று மட்டும் சொன்னேன். இடது விரலுக்குக் கிடைத்ததை அவன் அழுத்தினான். ஒரு நீண்ட பீப்.

நான் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் பக்கத்தில் நின்று கடவுச்சொல்லை அடித்தேன். எப்போதும் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனின் பின்னை உருவினேன். இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் இந்த வீட்டில் வெளியே கேட்டதே இல்லை, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று காதுக்குள்ளேயே வைத்திருந்தேன். முந்தின நாள் நான் எழுதத் தொடங்கியிருந்த கோப்பைத் திறந்து, படி என்றேன்.

தொண்டை கட்டிய அந்தக் குரல் அறை முழுக்கப் பேசியது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பத்து எண்ணுவதற்குள் ஒரு பீப் சத்தம் வர வேண்டும், அன்று வரவில்லை, என்று படித்தது. அண்ணனும் மலையாளத்தில் படித்தவன்தான், தமிழில் பஸ் போர்டுக்கு மேல் எதுவும் ஓடாது. நான் தமிழில் எழுதுகிறேன் என்பதே அவனுக்குத் தெரியாது. மூன்று நாளும் போன் என் கையில்தான் இருந்தது என்ற இடம் வந்தபோது நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்து போகிறான் என்று நினைத்தேன். அவன் மூச்சு ஸ்பீக்கர் பக்கத்தில் கேட்டது, குனிந்திருந்தான்.

எழுதியவரை படித்துவிட்டுக் குரல் நின்றது. சுக்கு வாசனை மட்டும் அசையாமல் இருந்தது.

"இன்னும் இருக்கா?" என்றான்.

"இன்னும் எழுதணும்" என்றேன். "இதைத்தான் அண்ணா நீயும் அந்தச் சேட்டனும் காலின்னு சொன்னது."